‘உன் இஷ்டம்’ என்பது சம்மதமா?

வாசகியின் கடிதம் (சுருக்கியிருக்கிறோம்):

“எனக்கு 35 வயது, கணவருக்கு 39. கல்யாணமாகி எட்டு வருடம். சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கிறோம், மாமியாரும் எங்களோடுதான். கணவரின் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. இரண்டு தடவை சோதித்தாயிற்று. போன வருடம் அறுவை சிகிச்சை செய்து உள்ளே தேடினார்கள், அங்கும் கிடைக்கவில்லை. பதினைந்து வயதில் புதுக்கோட்டையில் இருந்தபோது அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு வாரம் படுக்கையாம். அது காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். தானமாக வரும் விந்தணுவை வைத்துச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார்கள். கணவரைக் கேட்டால் ‘உன் இஷ்டம், நான் குறுக்கே நிற்க மாட்டேன்’ என்கிறார். மருத்துவமனையில் தகவல் தாளைக் கொடுத்தபோது ‘கண்ணாடி கொண்டுவரலை, நீயே படிச்சிக்கோ’ என்று தள்ளிவிட்டார். ஒரே ஒரு தடவை, ‘என் தம்பியைக் கேட்டுப் பார்க்கலாமா, நம்ம ரத்தமாவது இருக்குமே’ என்றார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாமியாருக்கு எதுவும் தெரியாது. குறை என்னிடம்தான் என்று நினைத்து, போன தைப்பூசத்தன்று சொந்தக்காரர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறக்கும் குழந்தை சட்டப்படி யாருடையது? நாளைக்குச் சொத்தில் வம்பு வருமா? குழந்தைக்குச் சொல்ல வேண்டுமா, மாமியாருக்குச் சொல்ல வேண்டுமா? என் பெயர் வேண்டாம்.”

பதில்:

கையால் எழுதிய கடிதம் வந்து வெகு நாளாயிற்று. நான்காம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சட்டக் கேள்வி சுலபமானது, அதை முதலில் முடித்துவிடலாம். செயற்கைக் கருத்தரிப்பால் பிறக்கும் பிள்ளைகளின் நிலை பற்றி சிங்கப்பூரில் 2013-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். 2014 அக்டோபர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. குழந்தையைச் சுமந்து பெற்றவர் தாய். சிகிச்சைக்குச் சம்மதித்த கணவர் தந்தை. தானம் கொடுத்தவருக்கு உரிமையும் கிடையாது, பொறுப்பும் கிடையாது. பிறப்பைப் பதியும்போது தந்தை என்ற இடத்தில் உங்கள் கணவர் பெயர்தான் வரும். புதுக்கோட்டையில் நிலம், வீடு ஏதாவது இருந்தால் அது இந்தியச் சட்டத்துக்குள் வரும் விஷயம். அங்கே ஒரு வக்கீலைப் பார்த்து உங்கள் கணவர் உயில் எழுதி வைத்துவிட்டால் பங்காளிப் பேச்சுக்கு இடம் குறையும். தானத்தில் பிறந்த பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயில் எழுதி வைக்கத்தான் வேண்டும், ஆனால் நம் ஆட்களில் யார் எழுதுகிறார்கள்!

மேலே ஒரு சொல்லைக் கவனித்தீர்களா? ‘சம்மதித்த’ கணவர். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் நான் தேடியது அந்த ஒரு சொல்லைத்தான். கிடைக்கவில்லை.

‘உன் இஷ்டம்’ என்று நம் வீடுகளில் எப்போது சொல்வோம்? ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று கேட்கிறீர்கள். ‘உன் இஷ்டம்’ என்று பதில் வருகிறது. சந்தோஷமாகப் பெட்டியைக் கட்டுவீர்களா? அது வாதம் செய்யத் தெம்பில்லாதவர் சொல்லும் சொல். பின்னால் ஏதாவது ஆனால் ‘நான் அன்றைக்கே சொன்னேனே’ என்று சொல்ல அதில் கொஞ்சம் இடமும் இருக்கிறது. படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், சட்டத்துக்கு அது போதும். உங்கள் குழந்தைக்குப் போதாது.

நான் கருத்தரிப்புச் சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருடம் தாதியாக இருந்துவிட்டு ஆலோசகர் வேலைக்கு வந்தவள். என் அனுபவத்தில் விந்தணு தானத்தைப் பற்றி முதலில் பேச ஆரம்பிப்பவர் பெரும்பாலும் மனைவிதான். கணவர் அந்த நேரத்தில் வேறு எங்கேயோ இருப்பார். உடம்பு நாற்காலியில் இருக்கும், கண் ஜன்னல் பக்கம் போய்விடும். அவர் ஒரு துக்கத்தில் இருக்கிறார், ஆனால் அதற்குப் பெயர் இல்லை. யாரும் செத்துப்போகவில்லை, வந்து விசாரிக்க ஆளில்லை, எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று ஒரு கணக்கும் இல்லை. தன் மூக்கோடு, தன் அப்பாவின் நடையோடு ஒரு பிள்ளை வரும் என்று இருபது வயதிலிருந்து தன்னையறியாமல் நினைத்திருப்பார். ஒரு தாளில் ‘பூஜ்யம்’ என்று வந்ததும் அது போய்விட்டது. மறு வாரமே நாம் அவர் முன்னால் இன்னொருவர் விவரம் உள்ள தாளை நீட்டுகிறோம். கண்ணாடி இல்லை என்று அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு வருடமாக அந்தக் கணவரும் ‘அவ இஷ்டம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வயதிலேயே தலை வழுக்கை. அன்றைக்குக் கொடையாளர் விவரத் தாள் மேசையில் கிடந்தது. உயரம் 174, ரத்தப் பிரிவு ஓ பாசிட்டிவ், முடி கறுப்பு, சுருட்டை. தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தவர், ‘முடி கறுப்புன்னு போட்டிருக்கு. எத்தனை வயசு வரைக்கும்னு போடலையே?’ என்று கேட்டார். மனைவி சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். பிறகு சட்டென்று தலையைக் குனிந்து அழ ஆரம்பித்தார். கால் மணி நேரம் நாங்கள் மூவரும் பேசவில்லை. அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக அந்தத் தாளை முழுவதும் படித்தார். ‘பையனா இருந்து முடி கொட்டலைன்னா, அது என்னால இல்லைன்னு எனக்குத் தெரியும்’ என்றார். அதற்குமேல் நான் அவரிடம் சம்மதமா என்று கேட்கவில்லை.

உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். பொன்னுக்கு வீங்கி வந்தால் ஊர்ப் பக்கம் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள். பொன் பட்டால் வீக்கம் வற்றும் என்று நம்பிக்கை, பெயரிலேயே பொன் இருக்கிறதே. அந்த வயதில் அவர் கழுத்தில் சங்கிலியைப் போட்டது யாராக இருக்கும்? அவர் அம்மாவிடம் விஷயத்தை மறைப்பது தன் மானத்துக்காக மட்டும்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ‘அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தால் என் மகனுக்கு இப்படி ஆகியிருக்காதே’ என்று அந்த அம்மா உடைந்துபோவார் என்ற பயமும் இருக்கலாம். அவரிடமே கேட்டுப் பாருங்கள். கேட்டால், இதையும் சொல்லுங்கள்: வயதுக்கு வந்த பையன்களில் நாலைந்து பேரில் ஒருவருக்கு இந்த நோய் விதைப்பைக்கும் இறங்குவதுண்டு. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கும், உயிரணு முற்றாக இல்லாமல் போவது அபூர்வம். இந்த வைரஸ் நோய்க்கு நேரடி மருந்து அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. எந்த அம்மாவும் இதற்குப் பொறுப்பில்லை.

நூறு ஆண்களில் சுமார் ஒருவருக்கு விந்தில் உயிரணுவே இருப்பதில்லை. சிலருக்கு உற்பத்தி இருக்கும், வரும் வழி அடைபட்டிருக்கும். சிலருக்கு உற்பத்தியே நின்றிருக்கும், அல்லது அங்கங்கே துளி இருக்கும். நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு விதைப்பையின் நூல் போன்ற குழாய்களில் அந்தத் துளியைத் தேடுவதுதான் போன வருடம் உங்கள் கணவருக்குச் செய்த அறுவை. ஒரே ஒரு நல்ல உயிரணு கிடைத்தாலும் அதை முட்டைக்குள் ஊசியால் செலுத்த 1992-லிருந்து வழி இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு மெனக்கெட்டுத் தேடுகிறார்கள். ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைப்பதில்லை. அவருடைய குரோமோசோம் சோதனையும், ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். கடிதத்தில் அது இல்லை. மறுபடி தேடுவதில் அர்த்தம் இருக்கிறதா என்று வேறொரு சிறுநீரியல் (யூராலஜி) நிபுணரிடம் ஒரு தடவை கேட்டுவிடுவதும் நல்லது. பிறகு ‘இன்னும் ஒரு முயற்சி செய்திருக்கலாமோ’ என்ற முள் உங்கள் இருவர் மனசிலும் இருக்காது. அவருடைய ஆண் ஹார்மோன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்காக அல்ல, அவருடைய எலும்புக்கும் தெம்புக்கும். குழந்தைப் பேச்சில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

உங்களிடம் குறை இல்லை என்று எதை வைத்துச் சொன்னார்கள்? கருக்குழாய்கள் இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்தார்களா? முட்டை இருப்பு? தானமாக வரும் விந்தணு நல்ல தரமானதாகத்தான் இருக்கும். அதனால் வெற்றி தோல்வி பெரும்பாலும் உங்கள் வயதைப் பொறுத்தது. குழாய் திறந்திருந்தால் முதலில் மெல்லிய குழல் வழியாகக் கருப்பைக்குள் செலுத்தும் எளிய முறையைத்தான் சொல்வார்கள். பத்து நிமிட வேலை, மயக்க மருந்து வேண்டாம். சில மாதம் அப்படிப் பார்த்தும் நிற்கவில்லை என்றால் வெளியே கருவாக்கி உள்ளே வைக்கும் முறை.

கொழுந்தன் விஷயம். ‘நம்ம ரத்தமாவது’ என்பதில் இருக்கும் ஏக்கம் எனக்குப் புரிகிறது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். நிறைய வீடுகளில் இந்த யோசனை வரும். வந்து, யாரோ ஒருவர் முகம் சுளித்ததும் அடங்கிவிடும். நானும் வேண்டாம் என்பவள்தான், ஆனால் என் காரணம் முகச் சுளிப்பு இல்லை. உங்கள் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் இது உங்கள் ஓரகத்தியின் விஷயமும் ஆகிறது. அவர்களுக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தால் உங்கள் பிள்ளை அவர்களுக்கு ஒரே சமயத்தில் சித்தப்பா பெரியப்பா வழித் தங்கையும், பாதி உடன்பிறப்பும். தீபாவளிக்கு ஊருக்குப் போனால், ‘சித்தப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கே’ என்று யாராவது ஒரு பாட்டி விளையாட்டாகச் சொல்வார். அந்த நிமிஷம் உங்கள் கணவர் எங்கே பார்ப்பார்? அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு வந்தால் எந்த வார்த்தை முதலில் வாயில் வரும்? தம்பி கொடுத்தாலும் கிருமிச் சோதனை, மரபுநோய்ச் சோதனை, அவருக்கும் மனைவிக்கும் தனி ஆலோசனை எல்லாம் உண்டு. ரகசியமாக ஒரு வாரத்தில் முடிந்துவிடும் காரியம் இல்லை. இவ்வளவையும் தெரிந்துகொண்டு, நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி, பிள்ளைக்கும் சொல்வோம் என்று முடிவெடுத்தால் அது வேறு. அப்படி உட்கார்ந்து பேசும் குடும்பத்தை நான் இதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நீங்கள் அடித்த வரி. ‘கொடுத்தவர் என்ன சாதி என்று தெரிந்துகொள்ள முடியுமா?’ முடியாது. இனம் இருக்கும், நிறம், உயரம், ரத்தப் பிரிவு, படிப்பு, குடும்ப நோய் வரலாறு இருக்கும், சில வெளிநாட்டு வங்கிகளில் குழந்தை வயதுப் படமும் இருக்கும். சாதி இருக்காது. இது உங்கள் கேள்வியா, மாமியார் கேட்பார் என்று நினைத்து எழுதியதா என்று தெரியவில்லை. எதுவானாலும் அடித்தது சரிதான். அதற்குப் பதில் இதைக் கேளுங்கள்: தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயைச் சுமப்பவரா? நம் ஆட்களில் தலசீமியா மரபணுவைத் தெரியாமலே சுமப்பவர்கள் உண்டு. நீங்கள் சுமப்பவராக இருந்தால் கொடையாளர் அப்படி இருக்கவே கூடாது. முதல் வேலையாக உங்கள் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் நோயைத் தடுக்கப்போவது இந்தத் தகவல்தான்.

இந்தியத் தோற்றமுள்ள கொடையாளர் இங்கே கிடைப்பது கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். சிங்கப்பூரில் விந்தணுவை விற்கவும் வாங்கவும் சட்டம் தடை செய்கிறது. போக்குவரத்து போன்ற நியாயமான செலவைத்தான் திருப்பிக் கொடுக்கலாம். அதனால் கொடுக்க முன்வருகிறவர்களும் குறைவு. ஒருவர் கொடுத்ததை வைத்து மூன்று பிரசவத்துக்குமேல் ஆகக்கூடாது என்றும் வரம்பு இருக்கிறது. சின்ன ஊர் இது. ஒரே ஆளுக்குப் பிறந்தவர்கள் தெரியாமல் ஒரே தொடக்கக்கல்லூரியில் உட்கார்ந்து காதலித்துவிடக் கூடாதே. காத்திருக்க முடியாதவர்கள் மருத்துவமனை மூலமாக வெளிநாட்டு வங்கியிலிருந்து வரவழைக்கிறார்கள். சென்னைக்குப் போகலாமா என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அங்கே 2021-இல் வந்த சட்டப்படி பதிவுபெற்ற வங்கி மூலமாகத்தான் விந்தணு வர வேண்டும், ஒருவருடையதை ஒரு தம்பதிக்குமேல் கொடுக்கக்கூடாது. போவதானால் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். செலவு குறைவு என்பதற்காக மட்டும் போகாதீர்கள். இங்கே மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து முதல் சிகிச்சைச் சுற்றுக்கு 6,000 வெள்ளி, இரண்டாவதற்கு 5,000, மூன்றாவதற்கு 4,000 வரை எடுக்கலாம். அரசாங்க மருத்துவமனையில் தம்பதி இருவரும் குடிமக்கள் என்றால் செலவில் 75 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கும் திட்டமும் உண்டு. ஒருவர் நிரந்தரவாசி என்றால் அது குறையும். மனைவிக்கு நாற்பது ஆவதற்குள் தொடங்கியிருப்பது நல்லது. வெளிநாட்டு வங்கிக்குக் கட்டும் பணம் இதில் சேருமா என்று மருத்துவமனை நிதி ஆலோசகரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

‘மாறிப்போய்விட்டால்?’ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் மனசிலும் இருக்கும் கேள்வி அது. இங்கே ஒரு முறை அப்படி நடந்தது. கணவருடைய விந்தணுவுக்குப் பதில் வேறொருவருடையதைச் சேர்த்துவிட்ட அந்த வழக்கில், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே இருக்க வேண்டிய மரபணுத் தொடர்பு போனதும் ஓர் இழப்புதான் என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதனால் ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் நிரம்பிய தொட்டி. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையில் வழியும். உள்ளே குச்சி குச்சியாக, பேனா ரீஃபிலைவிட மெல்லிய குழல்கள், ஒவ்வொன்றிலும் எண். கொடுத்தவருக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி கிருமிச் சோதனை செய்து, ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அந்தக் குழலைத் தொடுவார்கள். எடுக்கும்போது ஒருவர் எண்ணைச் சத்தமாகப் படிப்பார், பக்கத்தில் நிற்பவர் தாளைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார். உங்களிடமும் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நாலு தடவை கேட்பார்கள். எரிச்சல் வரும். பொறுமையாக நாலு தடவையும் சொல்லுங்கள்.

மாமியார். தைப்பூசத்தன்று அவர் சொன்ன சொல்லை நீங்களே எழுதவில்லை, நானும் எழுத மாட்டேன். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு, கணவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அவருக்கே தோசையும் வார்த்திருப்பீர்கள். இது இனி நடக்கக்கூடாது. நடக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை இல்லை, உங்கள் வீட்டுக்காரர் வேலை. உயிரணு எண்ணிக்கையை அம்மாவிடம் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ‘ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் நடக்குதும்மா. இனிமே அவளை ஒண்ணும் சொல்லாதே’ என்றால் போதும். அவர் வாயால், நீங்களும் இருக்கும்போது. இதைச் சொல்ல முடியாதவரால் நாளைக்கு அதைவிடக் கடினமான ஒன்றை சின்னப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும் என்று நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிடிவாதம் பிடிப்பேன்.

தானத்தைப் பற்றி மாமியாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில் எனக்கு அப்படிப் பிடிவாதம் இல்லை. சொன்னால் ஏற்றுக்கொண்ட பாட்டிகளும் உண்டு, மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்ட ஓடி வந்தவர்களும் உண்டு. இதெல்லாம் நேற்று வந்த சீன வித்தை என்று அவர் நினைத்தால் ஒன்று சொல்லுங்கள்: ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பெயர் பெற்ற பிள்ளை 1983-இல் இங்கேதான் பிறந்தது, அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் யாழ்ப்பாணத் தமிழர். ஆனால் ஒரு வரிசை முக்கியம். பிள்ளைக்குச் சொல்லப்போவதில்லை என்றால் மாமியாருக்கும் சொல்லாதீர்கள். பாட்டிக்குத் தெரிந்து பேரப்பிள்ளைக்குத் தெரியாத ரகசியம் வீட்டில் தங்காது.

ஆனால் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும் என்பேன். மருத்துவமனையில் ‘அது உங்கள் விருப்பம்’ என்பார்கள், சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ‘உன் இஷ்டம்’ என்று இதில் நான் சொல்ல மாட்டேன். எழுத்தில் பதிவான முதல் விந்தணு தானம் 1884-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. மயக்க மருந்து கொடுத்து, மருத்துவ மாணவர் ஒருவருடைய விந்தைச் செலுத்தினார்கள். அந்தப் பெண்ணுக்கே கடைசிவரை சொல்லவில்லை. விஷயம் வெளியே வந்தது 1909-இல். அந்த மறைப்புப் பழக்கம் நூறு வருடம் இந்தத் துறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது அது முடியாத காரியம். மரபணுச் சோதனைக்கு எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் ஒன்றுவிட்ட உறவுகளின் பட்டியல் கைப்பேசிக்கு வருகிறது. சிங்கப்பூரில் கொடையாளர் அடையாளத்தைச் சொல்ல மாட்டார்கள் என்றாலும் அவருடைய அக்கா மகன் எங்கேயோ துப்பியிருந்தால் முடிந்தது. உங்கள் மகளுக்கு இருபத்தைந்து வயதில், வேலையிடத்தில் மதிய சாப்பாட்டு நேரத்தில், ஒரு திரையில் அது தெரிய வேண்டுமா?

சின்ன வயதில் சொன்னால் குழந்தை குழம்பிவிடும் என்று பயப்படுகிறார்கள். கேம்பிரிட்ஜில் சூசன் கோலம்பாக் என்ற பேராசிரியர் இப்படிப் பிறந்த பிள்ளைகளை இருபது வயது வரை தொடர்ந்து கவனித்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார். மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் மனநிலையில் குறைவில்லை. ஏழு வயதுக்குள் தெரிந்துகொண்டவர்களுக்கு அம்மாவோடு உறவும் நன்றாகவே இருந்தது. நம் கதையிலேயே இருக்கிறதே. ஐந்து பேர் பாண்டுவுக்குப் பிறக்கவில்லை. அது அவர்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், பாண்டவர்கள் என்றுதான் பெயர். ஆறாவது ஒருவனுக்கு மட்டும் சொல்லவில்லை. கர்ணனுக்காக நாம் இன்றைக்கும் அழுகிறோம்.

எப்படிச் சொல்வது? பாலர் பள்ளிக்குப் போகும் வயதிலேயே, குளிக்கும்போதோ பேருந்திலோ, பெரிய பீடிகை இல்லாமல். ‘பாப்பா வர்றதுக்கு அம்மாகிட்ட ஒரு முட்டை, அப்பாகிட்ட ஒரு விதை வேணும். அப்பாகிட்ட விதை இல்லை. ஒருத்தர் தானமா கொடுத்தார். அதனாலதான் நீ எங்களுக்குக் கிடைச்சே.’ தானம் நல்ல சொல். ரத்ததானம், கண்தானம், கோயிலில் அன்னதானம் என்று குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். கொடுத்தவரை ‘கொடுத்தவர்’ என்று சொல்லுங்கள். ‘நிஜ அப்பா’ என்ற பேச்சு உங்கள் வீட்டில் வரவே கூடாது, கோபத்திலும். இந்த நாலு வரியைச் சொல்ல வேண்டியவர் முடிந்தால் அப்பாதான். அதனால்தான் மறுபடி மறுபடி அவரிடமே வருகிறேன்.

மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். 35 வயதில் மூன்று மாதம் பெரிய நஷ்டம் இல்லை, மூன்று வருடம் நஷ்டம். தானம் பெறும் தம்பதிக்கு ஆலோசனைச் சந்திப்பு எப்படியும் உண்டு. அதைச் சடங்காக முடிக்காமல், உங்கள் கணவரை ஒரு தடவை தனியாகவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவும் கூடும், அதற்கும் இடம் கொடுங்கள். வேண்டாம் என்றால் தத்து எடுப்பதா, இருவராகவே இருப்பதா, உங்களுக்கு அது முடியுமா என்பது அடுத்த பேச்சு. அது வலிக்கும். ஆனால் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லும் மனிதரோடு பேசலாம். ‘உன் இஷ்டம்’ என்பவரோடு என்ன பேசுவது?

இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள். கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போகும்போது அறுவை சிகிச்சை அறிக்கை, அவருடைய குரோமோசோம் அறிக்கை, உங்கள் தலசீமியா ரத்தச் சோதனை மூன்றையும் ஒரே உறையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கண்ணாடியை அவரே எடுத்து வரட்டும்.